போர்க் ஸ்டிர் ஃப்ரை வீட்ல செஞ்சா தண்ணி விட்டுக்குது, என்ன பண்றது?

கேள்வி:
சிங்கப்பூர் வந்து ஒரு வருஷம் ஆகுது. ஆபீஸ் பக்கத்துல ஒரு ஸீ சார் கடைல (சீன வீட்டுச் சமையல் மாதிரி கேக்குறத அப்பவே செஞ்சு தர்ற கடை) போர்க்கும் காயும் போட்டு பிரட்டித் தருவாங்க, கறி அவ்ளோ மெத்துனு இருக்கும், கேரட் பீன்ஸ் கடிச்சா நறுக்குனு இருக்கும். அதே மாதிரி செய்யலாம்னு ஈரச்சந்தைல 300 கிராம் கறி வாங்கி மூணு தடவ பாத்துட்டேன், மூணு தடவையும் சட்டியெல்லாம் தண்ணி, கறி ரப்பரு, முட்டைக்கோஸ் கூட்டு மாதிரி குழைஞ்சிருச்சு. ஊர்ல அம்மா பன்றிக்கறி நல்லா வேகணும், இல்லன்னா புழுன்னு சொல்லுவாங்க, அதனால மூடி போட்டு 20 நிமிஷம் விடுறேன். எங்க தப்பு?

பதில் 1:
மூடிதாங்க தப்பு! மூடி போட்டா அது குழம்புக்கறி ஆயிரும். கறிய அரை மணி நேரம் ஃப்ரீசர்ல வைங்க, லேசா விறைச்சதும் நார் ஓடுற திசைக்குக் குறுக்கால மெல்லிசா வெட்டுங்க. ஒரு ஸ்பூன் சோயா சாஸ், ஒரு ஸ்பூன் கான்ஃப்ளவர், ரெண்டு ஸ்பூன் தண்ணி, கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசைஞ்சு 15 நிமிஷம் ஊற விடுங்க, கறி தண்ணியெல்லாம் உறிஞ்சிக்கும், மாவு மேல ஒரு தோல் மாதிரி பிடிச்சுக்கும், அதான் அந்த மெத்து. அப்புறம் சட்டி புகையுற அளவு காயணும். வீட்டு அடுப்புக்கு கடை அடுப்போட வேகம் கிடையாது, அதனால 300 கிராமையும் ஒண்ணா கொட்டாதீங்க, ரெண்டு பங்கா போடுங்க, போட்டதும் கிண்டாம அரை நிமிஷம் விடுங்க, அடி சிவந்ததும் பிரட்டி எடுத்து தனியா வச்சிருங்க. அதே சட்டில முதல்ல கேரட் பீன்ஸ், அப்புறம் கோஸ், கடைசியா கறி.

பதில் 2:
அம்மா பயம் நியாயமானதுதான், நாடாப்புழு நிஜமாவே இருக்கு. ஆனா புழுவைக் கொல்றது சூடு, 20 நிமிஷம்ங்கிற கணக்கு இல்ல. முழுத்துண்டு போர்க்குக்கு உள்ள 63 டிகிரி வந்து, இறக்கி 3 நிமிஷம் வச்சா போதும்னு அமெரிக்க வேளாண் துறை 2011லயே சொல்லிருச்சு. மெல்லிசா வெட்டின கறி காஞ்ச சட்டில ரெண்டு மூணு நிமிஷத்துல அதையும் தாண்டிரும். பெரிய துண்டு ஒண்ண வெட்டிப் பாருங்க, நடுவுல பச்சை இல்லாம இருந்தா சரி. கொத்துக்கறின்னா மட்டும் 71 டிகிரி.

பதில் 3:
பூண்டு இஞ்சிய முதல்லயே போட்டுக் கருக்கிறாதீங்க தம்பி, காய் பாதி வதங்கினதும் நடுவுல இடம் விட்டுப் போடுங்க. சோயா, ஆய்ஸ்டர் சாஸ், வெள்ளை மிளகுத்தூள் எல்லாம் முன்னாடியே ஒரு கிண்ணத்துல கலந்து வச்சுக்கங்க, அப்புறம் தேட நேரம் இருக்காது. உப்பு தனியா வேணாம். கடைசில விடுற எள் எண்ணெய் சீனக்கடை வறுத்த எள் எண்ணெய், நம்ம நல்லெண்ணெய்ல அந்த வாசம் வராது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும்! இன்னிக்கு ராத்திரி செஞ்சேன், ஒரு சொட்டு தண்ணி விடல, கறி கடை மாதிரியே வழுவழுன்னு இருந்துச்சு. கேரட் மட்டும் கொஞ்சம் கடுக்குன்னு இருக்கு.

பதில் 3:
தீக்குச்சி கனத்துக்கு வெட்டுங்க தம்பி, சரியாயிரும்.