ரம்யாவிடம் கேட்டாயா?

குழு: பெரம்பூர் வீடு

டிசம்பர் 7, 2025, ஞாயிறு

அருண், இரவு 8:47
எல்லோரும் ஒரு நிமிடம் இதைப் பாருங்கள். கல்யாணம் முடிந்ததும் நானும் ரம்யாவும் போக ஊட்டிக்கு 3 இரவு 4 பகல் ஹனிமூன் பேக்கேஜ், இரண்டு பேருக்கும் சேர்த்து 27,999 ரூபாய், கார், கேக், கட்டிலில் பூ அலங்காரம் எல்லாம் அதற்குள்ளேயே. இன்று ராத்திரி 12 மணிக்குள் முழுப் பணமும் கட்டினால்தான் இந்த விலை என்று போனில் சொல்கிறார்கள். இதற்கென்று நான் எடுத்து வைத்திருப்பது மொத்தமே 30,000. கட்டிவிடவா? எனக்கு இதெல்லாம் முதல் தடவை.

செல்வி அக்கா, இரவு 8:49
கட்டாதே.

செல்வி அக்கா, இரவு 8:50
பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டு வருகிறேன். அதுவரைக்கும் அவர்கள் போன் செய்தால் எடுக்காதே.

அம்மா, இரவு 8:54
ஊட்டி நல்ல ஊர்தானே செல்வி. கல்யாணமான புதிதில் நானும் உங்கள் அப்பாவும் அங்கேதான் போனோம்.

பெரியப்பா, இரவு 9:02
ஊட்டிக்குப் போவதென்றால் கார் எதற்கு? நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து காலை 7:10 மலை ரயில். 46 கிலோமீட்டர்தான், கிட்டத்தட்ட 5 மணி நேரம் ஏறும். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் பல் பாதை இருக்கும், எஞ்சினின் பல் சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும், அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே நான் மூன்று தடவை போயிருக்கிறேன். காரில் போனால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும்.

செல்வி அக்கா, இரவு 9:26
வந்துவிட்டேன். அருண், உனக்கு இது தெரியாது, அம்மாவுக்குக்கூட முழுசாகச் சொன்னதில்லை. எங்கள் கல்யாணத்தின்போது நாங்களும் இப்படித்தான் ஒரு பேக்கேஜ்காரரிடம் 24,000 ரூபாய் மொத்தமாகக் கட்டினோம். போய் இறங்கினால் போட்டோவில் காட்டிய விடுதியில் எங்களுக்கு அறையே இல்லை. ஊருக்கு வெளியே 14 கிலோமீட்டர் தள்ளி வேறு ஒரு இடம், சுடுதண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் மட்டும், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்துச் சுவர். கேட்டதற்கு, ரசீதைத் திருப்பிப் பாருங்கள், ‘இந்த விடுதி அல்லது இதற்கு இணையானது’ என்று போட்டிருக்கிறதே என்றார்கள். போட்டுத்தான் இருந்தது, எறும்பு மாதிரிப் பொடி எழுத்தில். கட்டிலில் தூவியிருந்த ரோஜா இதழ் தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்து ஈரம் மெத்தை வரை இறங்கிவிட்டது. அன்றைக்கு ராத்திரி 11 மணிக்கு நானும் அவரும் பெட்ஷீட்டை உருவி நாற்காலியில் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். இன்று ராத்திரிக்குள் கட்டு என்று எவன் அவசரப்படுத்தினாலும் அவனிடம் கட்டாதே.

அம்மா, இரவு 9:29
இத்தனை வருஷமாக ஏன்டி சொல்லவில்லை?

செல்வி அக்கா, இரவு 9:30
அப்போது நீங்கள் கல்யாணக் கடனில் இருந்தீர்கள் அம்மா. இதையும் சொல்ல மனசு வரவில்லை.

சித்தி, இரவு 9:41
இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். அருண், ஊட்டி வேண்டும் என்று ரம்யா சொன்னாளா?

அருண், இரவு 9:43
இல்லை சித்தி, அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

சித்தி, இரவு 9:44
அவள் கோத்தகிரிப் பெண் அப்பா! ஊட்டிக்கும் அவள் வீட்டுக்கும் 30 கிலோமீட்டர். முதலில் அவளிடம் கேள். இந்த வயதில் நான் யாருக்கும் புத்தி சொல்வதில்லை, ஆனால் இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், இரண்டு பேர் போகிற ஊரை ஒருவர் மட்டும் முடிவு செய்யக் கூடாது. எங்கள் காலத்தில் கேட்க முடியவில்லை. நீங்கள் தினமும் மணிக்கணக்காகப் பேசிக்கொள்கிறீர்களே.

டிசம்பர் 8, திங்கள்

அருண், காலை 7:35
ரம்யாவிடம் பேசினேன். ஊட்டி என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னாள், “ஊட்டி எங்களுக்குப் பல் டாக்டரைப் பார்க்கப் போகிற ஊர். அங்கே வந்தால் பெரியம்மா வீடு, அத்தை வீடு, மாமா வீடு என்று நாலு நாளும் விருந்திலேயே போய்விடும், போகாமல் திரும்பினால் கோபித்துக்கொள்வார்கள்.” பிறந்ததிலிருந்து மலையையும் பனியையும்தான் பார்த்திருக்கிறாளாம். ஒரு ராத்திரியாவது தண்ணீர் மேல் தூங்க வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்தே ஆசையாம். இது எதுவும் எனக்குத் தெரியாது. நல்லவேளை நேற்றுப் பணம் கட்டவில்லை.

சித்தி, காலை 7:41
தண்ணீர் மேல் தூங்க, கேரளாவில் ஆலப்புழைப் படகு வீட்டை விட்டால் வேறு எது? சேர்த்தலையில் 9 வருஷம் குடியிருந்தேன், ஆலப்புழை எனக்குப் பக்கத்து ஊர்தான். சாயங்காலம் விவரமாக எழுதுகிறேன்.

அம்மா, காலை 7:50
ரம்யாவுக்கு நீச்சல் தெரியாதே. ராத்திரியில் நடுத் தண்ணீரில் படகு என்றால் எனக்கு இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.

பெரியப்பா, காலை 7:58
ரயிலை நான் பார்த்துக்கொள்கிறேன். சென்ட்ரலிலிருந்து ஆலப்புழைக்கே நேராக ஒரு வண்டி இருக்கிறது, 22639. ராத்திரி 9 மணிக்கு முன்னால் எடுத்து மறுநாள் காலை 11 மணி வாக்கில் கொண்டுபோய் விட்டுவிடும். நடுவில் மாற வேண்டிய வேலையே இல்லை.

சித்தி, மாலை 6:20
அண்ணி, முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். ராத்திரி முழுக்கப் படகு மிதந்துகொண்டே போகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. சாயங்காலம் 5:30 மணியோடு ஹவுஸ்போட்டை நிறுத்திவிட வேண்டும், அதற்குப் பிறகு மீன்பிடிக்கிறவர்கள் வலை விரிக்கிற நேரம். கரையோரமாகத் தென்னை மரத்தில் கயிறு போட்டுக் கட்டிவிடுவார்கள், கால் எடுத்து வைத்தால் கரை. லைஃப் ஜாக்கெட் எத்தனை இருக்கிறது என்று அருண் ஏறியதுமே கேட்டுப் பார்த்துவிடட்டும்.

அருண், இப்போது உனக்கு. பகல் 12 மணிக்கு ஏற்றி மறுநாள் காலை 9 மணிக்கு இறக்கிவிடுவார்கள். விலை குறைந்த படகுகளில் ஏசி ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும்தான் ஓடும், இதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீ கேட்க வேண்டும். படகு உங்கள் இருவருக்கு மட்டுமா, வேறு குடும்பத்தோடு பங்கா என்பதையும் கேள், ஒரு படுக்கையறைப் படகு என்று தெளிவாகச் சொல்லிக் கேட்டால் குழப்பமே வராது. மூன்று வேளைச் சாப்பாடும் ஜிஎஸ்டியும் சொன்ன விலைக்குள்ளேயே இருக்கிறதா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள். அப்புறம் வீடியோ காலில் அதே படகைக் காட்டச் சொல், பக்கவாட்டில் எழுதியிருக்கிற பதிவு எண்ணைக் குறித்துக்கொள், நீ ஏறும்போது அதே எண்தானா என்று பார். கால் பங்குக்கு மேல் முன்பணம் கொடுக்காதே, மீதியைப் படகைக் கண்ணால் பார்த்த பிறகு கொடு. ஸ்டேஷன் வாசலிலேயே ‘போட் வேண்டுமா’ என்று கூடவே வருவார்கள், பேச்சுக் கொடுக்காமல் நடந்துவிடு.

சித்தி, மாலை 6:34
படகில் ஒரு ராத்திரி போதும். இரண்டாவது ராத்திரியும் அதே தண்ணீர், அதே சாப்பாடு, பணம் மட்டும் இன்னொரு மடங்கு. மீதி இரண்டு ராத்திரிக்கு யாராவது வீட்டோடு சேர்த்து வாடகைக்கு விடுகிற ஹோம்ஸ்டே பார். பகலில் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே இருக்கிற படகுத் துறைக்குப் போய்க் கோட்டயம் போகிற அரசுப் படகில் ஏறுங்கள். இரண்டரை மணி நேரப் பயணம், டிக்கெட் சில பத்து ரூபாய்தான். ஹவுஸ்போட்டில் எதைப் பார்ப்பீர்களோ அதை ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பார்க்கலாம். ரம்யாவிடம் ஒன்று சொல், ஆலப்புழையைச் சுற்றியிருக்கிற குட்டநாட்டில் வயல் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது, வரப்புக்கு இந்தப் பக்கம் உயரத்தில் தண்ணீர், அந்தப் பக்கம் பள்ளத்தில் நெல். படகில் உட்கார்ந்துகொண்டு வயலைக் குனிந்து பார்ப்பாள். பிப்ரவரியில் நெல் பச்சையாகவே நிற்கும். முதல் தடவை பார்த்தபோது என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை.

அருண், மாலை 6:52
சித்தி, இதை அப்படியே அவளுக்கு அனுப்பிவிட்டேன்.

செல்வி அக்கா, மாலை 7:10
தேதி? பிப்ரவரி 14 காதலர் தினம், இந்தத் தடவை சனிக்கிழமையில் வேறு வருகிறது, எல்லா இடத்திலும் விலை ஏற்றிவிடுவார்கள். 6ஆம் தேதி கல்யாணம், 9 திங்கள் ராத்திரி வண்டி ஏறு, 10 செவ்வாய் பகலில் படகு, 13 வெள்ளி திரும்பும் வண்டி. வார நாளாக இருப்பதால் படகும் அறையும் குறைந்த விலைக்கே கிடைக்கும்.

அம்மா, மாலை 7:15
கோத்தகிரியில் மறுவீட்டு விருந்து இருக்கிறதே?

அம்மா, மாலை 7:31
சம்பந்தி அம்மாவிடம் பேசிவிட்டேன், விருந்தை மாசியில் வைத்துக்கொள்ளலாமாம். ‘பிள்ளைகள் முதலில் போய் வரட்டும்’ என்று அவர்களே சொன்னார்கள்.

டிசம்பர் 10, புதன்

பெரியப்பா, இரவு 9:05
அருண், நாளைக் காலை 8 மணிக்குப் பிப்ரவரி 9ஆம் தேதி வண்டிக்கு முன்பதிவு திறக்கும், பயண நாளை விட்டுவிட்டு 60 நாள் கணக்கு. முன்பு 120 நாளாக இருந்தது. திரும்பும் வண்டிக்கு 15ஆம் தேதி காலையில்தான் போட முடியும், இரண்டையும் ஒரே நாளில் போட்டுவிடலாம் என்று இருந்துவிடாதே. ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை இணைத்துவிட்டாயா? திறந்ததும் முதலில் ஆதார் இணைத்தவர்களுக்கு மட்டும்தான். உங்கள் இரண்டு பேர் விவரத்தையும் இன்று ராத்திரியே மாஸ்டர் லிஸ்டில் ஏற்றி வைத்துவிடு. ரம்யா பெயர் அவள் ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே, அவள் அப்பா இனிஷியலோடு. கல்யாணம் ஆகிவிட்டதே என்று உன் பெயரைச் சேர்த்துப் போட்டால் ரயிலில் அடையாள அட்டை கேட்கும்போது சிக்கல்.

அருண், இரவு 9:12
ஆதார் இணைத்துவிட்டேன் பெரியப்பா. ஸ்லீப்பரா, மூணாவது ஏசியா?

பெரியப்பா, இரவு 9:16
மூணாவது ஏசி போடு. ஒருவருக்கு ஆயிரத்துச் சொச்சம்தான், கல்யாண அலைச்சலுக்குப் பிறகு அவள் தூங்கிக்கொண்டு வரட்டும். முடிந்தால் சைடு லோயரும் சைடு அப்பரும் கேள், உங்கள் இருவருக்கும் தனியாக ஒரு ஜன்னல் கிடைக்கும், காலையில் பாலக்காடு தாண்டியதும் எதிரெதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போகலாம். ஏதாவது தடங்கல் வந்தாலும் பல நாள் முன்பே ரத்து செய்தால் ஆளுக்குக் கொஞ்சப் பணம்தான் பிடிப்பார்கள்.

செல்வி அக்கா, இரவு 9:30
கணக்கு எவ்வளவு வருகிறது?

அருண், இரவு 9:44
ரயில் போக வர இரண்டு பேருக்கும் 4,500 என்று வைத்திருக்கிறேன் அக்கா. மூன்று படகுக்காரர்களிடம் பேசினேன். ஒருவர் 11,000 கேட்டார், இன்னொருவர் 7,000 சொல்லிவிட்டு வீடியோ கால் என்றதும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். மூன்றாமவர் 8,500, அவர்தான் படகுக்குள்ளேயே நடந்து சமையலறை, குளியலறை, பதிவு எண் எல்லாவற்றையும் நான் கேட்பதற்கு முன்னாலேயே காட்டினார், ஏசி 9 மணிக்குத்தான் என்பதையும் அவராகவே சொன்னார். 2,000 முன்பணம் அவருக்கே அனுப்பினேன். ஹோம்ஸ்டே இரவுக்கு 1,800, இரண்டு இரவு 3,600. ஆட்டோ, சாப்பாடு, அரசுப் படகு, ஒரு நாள் காலையில் ஒரு மணி நேரம் சின்னச் சிக்காரா படகு, எல்லாவற்றுக்கும் 6,000. மொத்தம் 22,600.

செல்வி அக்கா, இரவு 9:47
மீதி 7,400. அதில் 5,000ஐத் தொடாதே, தலைவலி காய்ச்சல் வந்தால் அந்தப் பணம்தான் துணை. மிச்சத்தில் ரம்யாவுக்கு அங்கே என்ன பிடிக்கிறதோ வாங்கிக் கொடு. கொசுவத்தியை மறந்துவிடாதே, இரண்டு பேரின் ஆதாரும் கையில் இருக்கட்டும், தங்குமிடத்தில் கட்டாயம் கேட்பார்கள். மற்றதை உனக்குத் தனியாக எழுதுகிறேன்.

டிசம்பர் 11, வியாழன்

அருண், காலை 8:07
கிடைத்துவிட்டது!! பி4, 31, 32.

பெரியப்பா, காலை 8:08
31 சைடு லோயர், 32 சைடு அப்பர். அருமை அப்பா.

அம்மா, காலை 8:10
ரயிலுக்கு இட்லி மிளகாய்ப்பொடி தடவிக் கட்டித் தருகிறேன், மறுநாள் காலைக்கும் சேர்த்து. வெளியில் வாங்காதீர்கள்.

டிசம்பர் 15, திங்கள்

அருண், காலை 8:11
திரும்பும் டிக்கெட்டும் ஆயிற்று. ஆனால் சைடு இல்லை, ஒரு லோயர், ஒரு மிடில்.

பெரியப்பா, காலை 8:12
போதும். திரும்பும்போது இரண்டு பேருமே தூங்கிவிடுவீர்கள்.

அருண், காலை 8:20
சித்தி, ரம்யா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். படகில் கரிமீன் பொள்ளிச்சது செய்வார்களாமே, அதைச் செய்யும்போது சமையல்காரர் பக்கத்தில் நின்று பார்க்க விடுவார்களா?

சித்தி, காலை 8:26
தாராளமாக விடுவார்கள். ஏறியதுமே சொல்லி வைக்கச் சொல். மசாலா தடவி முதலில் பாதி வறுத்தெடுப்பார்கள், அப்புறம் வெங்காயம் தக்காளி வதக்கியதை மேலேயும் கீழேயும் வைத்து, வாட்டிய வாழை இலையில் சுற்றிக் கல்லில் போடுவார்கள். இலையை எப்படி வாட்டுகிறார் என்பதைத்தான் அவள் கவனிக்க வேண்டும், சரியாக வாட்டாவிட்டால் மடிக்கும்போது கிழிந்துவிடும். ரம்யாவின் நம்பரை எனக்கு அனுப்பு, நானே பேசுகிறேன்.