சளியோடு ஜப்பான் பயணம்: புதிய உணவுகளைச் சாப்பிட்டுப் பார்க்கலாமா, தள்ளிப்போடலாமா?

திருப்பூர்வாசி கேட்கிறார்:
வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை நானும் என் மனைவியும் கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஒசாகா செல்கிறோம். ஏழு நாள் பயணம். சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். நேற்று முன்தினம் சளி பிடித்து, மூக்கு முழுவதும் அடைத்துக்கொண்டது. காய்ச்சல் இல்லை. ஆனால், நேற்று இரவு அரிசியும் பருப்பும் சாதம் சாப்பிட்டபோது உப்பும் காரமும் தெரிந்தனவே தவிர, நெய் ஊற்றியிருந்ததா என்பதே தெரியவில்லை. தக்கோயாகி, வசாபி, நத்தோ, வெந்நீர் ஊற்றுக் குளியல் என்று பெரிய பட்டியலே வைத்திருக்கிறேன். மனைவி சைவம் என்பதால், வெளியூரில் எதையும் நான் முதலில் ருசி பார்த்துச் சொன்ன பிறகே அவர் சாப்பிடுவார். இந்த மூக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஈரோட்டுக்காரன்:
நானும் இதே ஊருக்குச் சளியோடு போய் வந்தவன்தான். நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றின் சுவை) ஆகியவை மட்டுமே தெரியும். காரத்தை விட்டால், மற்றதெல்லாம் பெரும்பாலும் வாய்க்குள்ளிருந்து மூக்குக்கு ஏறும் வாசனை. ஆகவே வாசனையை நம்பாத உணவுகளை முதல் நாள்களில் வைத்துக்கொள்ளுங்கள். தக்கோயாகி நம் குழிப்பணியாரத்தின் ஒன்றுவிட்ட தம்பி. அதே போன்ற குழிக்கல்லில் மாவை ஊற்றி, ஆக்டோபஸ் துண்டைப் போட்டுக் கூர்முனைக் கம்பியால் திருப்புகிறார்கள். மேலே தூவும் மீன் சீவல்கள் சூட்டில் நெளிவதைப் பார்த்து என் மகள் பயந்தே போனாள். வெளியே ஆறியது போல இருந்தாலும் உள்ளே குழம்பாகக் கொதிக்கும். நான் முழுதாக வாயில் போட்டுக்கொண்டு நாக்கைச் சுட்டுக்கொண்டேன். வசாபி என்னும் பச்சை நிறக் காரத் துவையலும் அடைத்த மூக்குக்குத் தெரியும். கடுகின் நெடியை ஒத்த அந்தக் காரம் வாசனை நரம்பை எதிர்பார்க்காமல் வேறு நரம்பு வழியாக உச்சிக்கு ஏறும். நத்தோவை மட்டும் அவசரப்பட்டுச் சாப்பிட்டுவிட்டேன். சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் அது, வாடைக்குத்தான் பேர்போனது. எனக்கோ கொழகொழவென்று இழுபடும் நூல் மட்டுமே நினைவிருக்கிறது. அதைச் சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்ள இன்றும் கூச்சமாக இருக்கிறது.

கோபி மருந்துக்கடை:
உணவுக்கு முன் காதைப் பாருங்கள். பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். அதாவது ஊட்டியில் நிற்பது போல. அங்கிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது காது அடைப்பதை நாம் அறிவோம். விமானம் அதே இறக்கத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. நீங்கள் சிங்கப்பூரில் ஒரு முறை, ஒசாகாவில் ஒரு முறை என இருமுறை இறங்க வேண்டும். இறங்கும் நேரத்தில் தூங்காமல், மிட்டாய் சப்பி எச்சில் விழுங்கிக்கொண்டே இருங்கள். காது வலி ஏற்கெனவே இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் ஏறாதீர்கள். அடைப்பு நீங்க மூக்கில் விடும் சொட்டு மருந்தைச் சில நாள்களுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்பைவிட அதிகமாகத் திரும்பும். இன்னொன்று: மூக்கடைப்பை நீக்கச் சேர்க்கும் சூடோஎஃபெட்ரின் என்னும் வேதிப்பொருள் 10 விழுக்காட்டுக்கு மேல் உள்ள மருந்தை முன் அனுமதி இல்லாமல் ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் சில சளி மாத்திரைகளில் அது இருக்கிறது. அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள்.

பொள்ளாச்சி மருமகள்:
அண்ணா, எனக்கு உங்களைவிட அண்ணியைப் பற்றித்தான் கவலை. அங்கே மிசோ சூப்பு, நூடுல்ஸ் சாறு, ஏன், காய்கறி வேகவைக்கும் தண்ணீரில்கூட 'தாஷி' என்ற சாறு இருக்கும். பெரும்பாலும் அது உலர்ந்த மீனில் எடுப்பது. கண்ணுக்கு எதுவும் தெரியாது, மூக்குதான் காட்டிக்கொடுக்க வேண்டும். உங்கள் மூக்கு சாட்சி சொல்லும் நிலையில் இல்லை என்பதால், "இதில் மீன் தாஷி உண்டா?" என்பதை ஜப்பானிய எழுத்தில் எழுதி வைத்துக் காட்டுங்கள், புத்த மடங்களின் ஷோஜின் சமையலில் மீனும் இறைச்சியும் சேர்ப்பதில்லை. உங்களுக்கு உடம்பு முடியாவிட்டால் ஒகாயு கேளுங்கள். நம் அரிசிக் கஞ்சிதான், ஊறுகாய்க்குப் பதில் உமேபோஷி என்னும் உப்பும் புளிப்புமான பழம். வெந்நீர் ஊற்றுக்குக் காய்ச்சல் அடித்தால் போகவே வேண்டாம். இல்லாவிட்டாலும் பலர் சேர்ந்து குளிக்கும் தொட்டி என்பதால், தும்மல் நின்ற பிறகு போவதே மரியாதை. கோபே நகரில் உள்ள அரிமா என்னும் வெந்நீர் ஊற்றின் இரும்புச்சத்துத் தண்ணீர் புதுவெள்ளம் வந்த வாய்க்கால் போலச் செந்நிறமாக இருக்கும். கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேருந்திலும் ரயிலிலும் முகக்கவசம் போடுங்கள். நாலு பேர் நடுவில் சத்தமாக மூக்குச் சிந்துவதை அங்கே விரும்ப மாட்டார்கள்.

திருப்பூர்வாசி:
அனைவருக்கும் நன்றி. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், சூடோஎஃபெட்ரின் என்றே இருந்தது. அதை வீட்டில் வைத்துவிட்டேன். தக்கோயாகி முதல் நாள், நத்தோ ஆறாம் நாள் என்று பட்டியலை மாற்றி எழுதிவிட்டேன். நீங்கள் எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டியபோது, இந்த முறை தானே மோந்து பார்த்துக்கொள்வதாகவும், எனக்கும் சேர்த்துப் பார்த்துச் சொல்வதாகவும் கூறிவிட்டார்.