வங்குரோத்து முடிந்து நான்கு மாதம்: இப்போதே வீடு வாங்குவதா, பொறுப்பதா?

ஊர்க்குருவி:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ, மால்வேர்னில் வாடகைக்கு இருக்கிறோம். 2021இல் ஒரு சாப்பாட்டுக் கடை எடுத்தேன். கடை லீசுக்கு என் சொந்தப் பெயரில் பொறுப்புக் கையெழுத்து வைத்திருந்தேன். கடையை மூடியபோது கடனட்டைகள், லைன் ஒஃப் கிரெடிட், வாடகைப் பாக்கி எல்லாம் சேர்த்து 94,000 டொலர். 2024 மார்ச்சில் ட்ரஸ்டியிடம் (வங்குரோத்தை நடத்த உரிமம் பெற்றவர்) போய் வங்குரோத்து, அதாவது திவால், எழுதினேன். லொறி ஓடிய சம்பளம் அரசு வைத்த அளவைத் தாண்டியதால் 9 மாதத்தில் முடிய வேண்டியது 21 மாதம் இழுத்தது. போன டிசம்பரில்தான் அந்தக் கடன்களிலிருந்து விடுவிப்புக் கடிதம் கைக்கு வந்தது.

மனைவி இதில் இல்லை, அவவின் கிரெடிட் சுத்தம். இருவர் சம்பளமும் சேர்த்து வருடம் 128,000. கையில் 45,000 இருக்கிறது, அதில் 32,000 அவவின் எப்.எச்.எஸ்.ஏ. (முதல் வீட்டுக்கான சேமிப்பு) கணக்கில். ஒஷாவாவில் 560,000க்கு ஒரு டவுன்ஹவுஸ் பார்த்தோம். பெரிய பாங்குகள் இப்போது கதவே திறக்காது, பி லெண்டரிடம் (பாங்குகள் மறுப்பவர்களுக்குக் கூடிய வட்டியில் கடன் கொடுப்பவர்) எடுக்கலாம் என்று மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) ஏஜென்ட் சொல்கிறார். 20 வீதம் முற்பணம், அதாவது 112,000. வட்டி 6.4 வீதம், கடன் தொகையில் ஒரு வீதம் கட்டணம். மச்சான் 40,000 தருகிறேன் என்கிறார். சீட்டு ஒன்றை எடுத்தால் 27,000 வரும்.

மூன்று வருடத்தில் மூன்று வீடு மாறிவிட்டோம். இரண்டு முறை சொந்தக்காரர் வீட்டை விற்றதால் எழும்ப வேண்டி வந்தது. மகள் செப்டெம்பரில் ஒன்பதாம் வகுப்பு. அதற்கு முதல் ஓர் இடத்தில் நிலையாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் கவலையும். வாங்கலாமா?

வல்லைவெளி:
தம்பி, வாங்குங்கோ. நானும் 2013இல் வங்குரோத்து அடித்தவன். 2015இல் பி லெண்டரிடம்தான் வாங்கினேன், அதுவும் 20 வீதம் போட்டு. எல்லோரும் தலையில் அடித்தார்கள். 2017இல் சாதாரண பாங்குக்கு மாறிவிட்டேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த வீட்டிலிருந்துதான் பள்ளிக்கூடம் முடித்தார்கள். பொறுத்திருந்தால் அந்த வீடு எனக்கு எட்டாமலே போயிருக்கும். கட்டுகிற வாடகையில் ஒரு சதம் கூடத் திரும்ப வராது.

தென்றல்:
அண்ணை, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் 2015இல் வாங்கியவருக்கு விலை ஏற்றம் கை கொடுத்தது. நாங்கள் 2021 கடைசியில் இதே வழியில் வாங்கினோம். இரண்டு வருட ஒப்பந்தம், பிறகு பாங்குக்கு மாறலாம் என்றுதான் எங்களுக்கும் சொன்னார்கள். 2022 மார்ச் வரை கனடா மத்திய வங்கியின் வட்டி 0.25 வீதம், 2023 ஜூலையில் 5 வீதம். வீட்டு விலையோ 2022 பெப்ரவரியில் உச்சிக்குப் போய் இறங்கிவிட்டது. ஒப்பந்தம் முடியும்போது எந்த பாங்கும் எங்களை எடுக்கவில்லை. பழைய இடத்திலேயே புதுப்பித்தோம், திரும்பவும் ஒரு வீதம் கட்டணம், வட்டி முன்பைவிட அதிகம். பதினொரு மாதம் தாக்குப் பிடித்தோம். பிறகு விற்றோம். போட்ட முற்பணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் திரும்பி வந்தது.

ஊர்க்குருவி, உங்களைப் பயப்படுத்த எழுதவில்லை. பி லெண்டரிடம் போவதென்றால் வெளியே வருகிற வழி என்னவென்று இன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். ஏஜென்ட் அதைப்பற்றி என்ன சொன்னார்?

ஊர்க்குருவி:
இரண்டு வருடத்தில் கிரெடிட் ஸ்கோர் ஏறிவிடும், பாங்குக்கு மாற்றிவிடலாம் என்றார். அதற்கு மேல் கதைக்கவில்லை.

மழைக்காகம்:
மிசிசாகாவில் ஒரு மோர்ட்கேஜ் அலுவலகத்தில் ஆறு வருஷம் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை பார்த்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திவால் ஆனவருக்கு வீட்டுக் கடனே கிடையாது என்பது தவறு. வாங்கியவர் கட்டாமல் போனால் கடன் கொடுத்தவரைக் காக்கும் இன்ஷூரன்ஸோடு கூடிய கடனுக்கு, அதாவது 20 சதவீதத்துக்குக் குறைவாக முன்பணம் போட்டு வாங்குகிற வழிக்கு, சாதாரணமாக எதிர்பார்ப்பது இவ்வளவுதான். விடுவிப்பு கிடைத்து இரண்டு வருஷம் ஆகியிருக்க வேண்டும். அதற்குள் குறைந்தது இரண்டு புதிய கடன் கணக்குகள் ஒரு தவணை கூடத் தவறாமல் ஓடியிருக்க வேண்டும். ஒவ்வொன்றின் வரம்பும் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு டாலர் இருந்தால் நல்லது. அந்த இன்ஷூரன்ஸைக் கொடுக்கிற அரசு நிறுவனமான சி.எம்.எச்.சி. கேட்கிற குறைந்தபட்ச ஸ்கோர் 600, அதுவும் வாங்குபவர்களில் ஒருவருக்கு இருந்தால் போதும். உங்கள் மனைவிக்கு அது இப்போதே இருக்கும். ஆனால் விண்ணப்பத்தில் உங்கள் சம்பளம் தேவைப்படுவதால் உங்கள் திவாலும் கூடவே மேசைக்கு வரும்.

அப்புறம், பதிவு மறைகிறவரை காத்திருக்க வேண்டியதில்லை. கிரெடிட் ரிப்போர்ட் வைத்திருக்கும் இரண்டு நிறுவனங்களில், விடுவிப்பிலிருந்து ஈக்விஃபாக்ஸில் 6 வருஷம், ஒன்டாரியோவில் ட்ரான்ஸ்யூனியனில் 7 வருஷம் அது தெரியும். தெரிந்துகொண்டிருக்கும்போதே கடன் கிடைத்தவர்களின் ஃபைல்களை என் கையால் நகர்த்தியிருக்கிறேன்.

ஆக உங்கள் கேள்வி இப்போதா, 2027 கடைசியிலா என்பதுதான். 560,000 வீட்டுக்குச் சட்டப்படி குறைந்த முன்பணம் 31,000: முதல் ஐந்து லட்சத்துக்கு 5 சதவீதம், மீதிக்கு 10. அது உங்களிடம் இன்றைக்கே இருக்கிறது. இல்லாதது அந்த இருபது மாதங்கள்தான்.

வல்லைவெளி:
சரி, கணக்கென்றால் முழுக் கணக்கையும் போடுவோம். பி லெண்டரிடம் 448,000 கடன். வட்டி வித்தியாசம் இரண்டு வீதம் என்று வைத்தால் வருடம் 8,960. இரண்டு வருடத்துக்கு 17,920, கட்டணம் 4,480. மொத்தம் 22,400 கூட.

இப்போது பொறுத்திருந்து 10 வீதம் போட்டு வாங்குகிறவருக்கு வருவோம். 504,000 கடனுக்கு இன்ஷூரன்ஸ் 3.1 வீதம், 15,624. அதைக் கடனோடு சேர்த்துவிட்டு வருடக்கணக்கில் வட்டியும் கட்ட வேண்டும். அந்த இன்ஷூரன்ஸுக்கு ஒன்ராறியோ 8 வீத வரி 1,250, அது கையிலிருந்து காசாகப் போகும். ஆக 16,874. பொறுத்தால் மிச்சம் பிடிப்பது வெறும் ஐயாயிரத்துச் சொச்சம். அதற்காக அந்தப் பிள்ளை இன்னொரு முறை பள்ளிக்கூடம் மாற வேண்டுமா?

மழைக்காகம்:
நீங்கள் போட்ட எண்கள் சரி, அண்ணே. இன்ஷூரன்ஸை மறந்துவிட்டுப் பேசுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் இரண்டு விஷயம் விட்டுப்போயிருக்கிறது.

ஒன்று, வாடகைப் பேச்சு. 448,000க்கு 6.4 சதவீதத்தில் 30 வருஷக் கணக்கு என்றால் மாதம் ஏறக்குறைய 2,780 டாலர். முதல் வருஷம் 33,000க்கு மேல் கட்டி, அசலில் கழிவது ஐயாயிரத்துச் சொச்சம்தான். மீதி வட்டி. சொத்து வரி, டவுன்ஹவுஸ் பராமரிப்புக் கட்டணம் எல்லாம் தனி. இதுவும் திரும்ப வராத பணம்தான்.

இரண்டாவது, 112,000இல் 67,000 அவருடைய பணமே இல்லை. அதைத் திருப்பிக் கட்டுகிற மாதத் தவணை உங்கள் கணக்கில் எங்கே இருக்கிறது?

தென்றல்:
அதைத்தான் நானும் கேட்க இருந்தேன். சீட்டை முதலில் எடுத்தால் கழிவு போகும். பிறகு முடிகிற வரை மாதாமாதம் கட்ட வேண்டும். அது கிரெடிட் ரிப்போர்ட்டில் வராது, நேர்த்தியாகக் கட்டினாலும் ஸ்கோர் ஒரு புள்ளி கூட ஏறாது. ஆனால் முற்பணம் எங்கிருந்து வந்தது என்று கடன் கொடுப்பவர் 90 நாள் பாங்க் கணக்கைப் பார்ப்பார். திடீரென்று 27,000 விழுந்திருந்தால் என்ன சொல்வீர்கள்?

மச்சானின் காசு அதைவிடப் பெரிய விஷயம். அது தருமமா, கடனா? கடனென்றால், "இது அன்பளிப்பு, திருப்பித் தரத் தேவையில்லை" என்று கடன் கொடுப்பவர் கேட்கிற கடிதத்தில் இரண்டு பேரும் கையெழுத்து வைப்பது பொய். ஒருமுறை விழுந்து எழும்பியவர் திரும்பத் தொடங்கும்போது பொய்க் கடிதத்தோடு தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

வல்லைவெளி:
பிள்ளை, எங்கள் ஆட்கள் இங்கே வீடு வாங்கியதே மச்சானும் சித்தப்பாவும் கை கொடுத்துத்தான். யாரும் கடிதம் பார்த்துக் காசு கொடுக்கவில்லை. வைத்திருக்கும்போது கொடு என்பதுதான் பேச்சு.

தென்றல்:
எங்களுக்கும் அப்படித்தான் அண்ணை கொடுத்தார்கள். வீடு விற்றபோது என் பெரியப்பா மகனின் 25,000 அதில் போனது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. பாங்குக்கு வராமல் போன காசைச் சட்டம் தள்ளிவிடும். இதை யார் தள்ளுவது?

நீலக்குடை:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். வங்குரோத்து எழுதுவதற்கு முதல் கன்சூமர் ப்ரபோசல் (கடனில் ஒரு பகுதியைக் கட்டி முடிப்பதாகக் கடன் கொடுத்தவர்களோடு செய்யும் ஒப்பந்தம்) பற்றி ட்ரஸ்டி சொல்லவில்லையா? நான் 2022இல் அதைத்தான் எடுத்தேன். வீட்டுக் கடன் தவிர்த்து 250,000 டொலர் வரை கடன் உள்ளவர்களுக்கு அது இருக்கிறது. அதிகபட்சம் ஐந்து வருடத்துக்கு ஒரு தொகையைக் கட்டி முடிக்கலாம், உழைப்பு கூடினாலும் கட்டுகிற தொகை கூடாது. முடித்து மூன்று வருடத்தில், அல்லது எழுதி ஆறு வருடத்தில், எது முந்துகிறதோ அப்போது பதிவு போய்விடும். ஊர்க்குருவிக்கு இனி அது உதவாது. கடனில் மூழ்கிக்கொண்டு இதை வாசிக்கிற வேறு யாருக்காவது உதவும் என்றுதான் எழுதினேன்.

ஊர்க்குருவி:
சொன்னார் அக்கா. அப்போது எனக்கு ஓவர்டைம் நிலையில்லை, ஐந்து வருடம் கட்ட முடியும் என்று நம்பிக்கை வரவில்லை.

இன்னொரு கேள்வி. 1,800 டொலர் கட்டினால் வங்குரோத்துப் பதிவையே ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். சொந்தக்காரர் மூலம் வந்தவர். உண்மையா?

மழைக்காகம்:
கொடுக்காதீர்கள், தம்பி. உண்மையான பதிவை யாராலும் எடுக்க முடியாது. ஒன்டாரியோவில் கிரெடிட் சரிசெய்து தருகிறேன் என்பவர் வேலை முடியும் முன் காசு வாங்குவதே சட்டப்படி தடை.

செய்ய வேண்டியதை நீங்களே இலவசமாகச் செய்யலாம். இரண்டு நிறுவனங்களிடமும் ரிப்போர்ட் எடுங்கள். திவாலில் சேர்ந்த ஒவ்வொரு கணக்கிலும் பாக்கி பூஜ்யம் என்று காட்ட வேண்டும். நான் பார்த்த ஃபைல்களில் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது இதுதான்: மனுஷன் ஒழுங்காக விடுவிப்பு வாங்கியிருப்பார், ஆனால் ஏதோ ஒரு பழைய அட்டை இன்னும் 11,000 பாக்கி, வசூலுக்குப் போயிருக்கிறது என்று காட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒரு வரியால் விண்ணப்பம் திரும்பிவிடும். விடுவிப்புக் கடிதத்தையும் கடன் பட்டியலையும் இணைத்துத் திருத்தம் கேளுங்கள்.

இன்றைக்கே காப்புத்தொகை கட்டி வாங்குகிற கடனட்டை ஒன்று எடுங்கள், ஐந்நூறு டாலரில் தொடங்கினாலும் சரி. போகப்போகத் தொகையைக் கூட்டலாம். நாலைந்து மாசம் கழித்து இரண்டாவது. பெட்ரோல், தொலைபேசிக் கட்டணம் மட்டும் அதில் போடுங்கள். வரம்பில் 30 சதவீதத்துக்கு மேல் தொடாதீர்கள், மாதம் முழுத் தொகையும் கட்டிவிடுங்கள். உங்கள் திவாலில் நஷ்டப்பட்ட பாங்கில் மட்டும் கேட்காதீர்கள். ரிப்போர்ட்டில் மறைந்தாலும் அவர்கள் தங்கள் சொந்தக் குறிப்பை வைத்திருப்பார்கள்.

வல்லைவெளி:
இரவு முழுக்க இதைத்தான் யோசித்தேன். எனக்கு 2015இல் சொந்தக் காசே 20 வீதம் இருந்தது, கடை விற்ற மாமனார் மனைவிக்கு எழுதிக் கொடுத்தது. அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. ஊர்க்குருவிக்கு 67,000 வெளியிலிருந்து வர வேண்டும் என்றால் நான் சொன்னது அவருக்குப் பொருந்தாது.

ஆனால் ஒன்றில் மாறமாட்டேன். "பொறு" என்று சொல்வது சொந்த வீட்டில் இருந்துகொண்டு சொல்பவர்களுக்கு எளிது. இருபது மாதத்துக்குள் இந்த வீட்டுக்காரரும் விற்கிறேன் என்றால் என்ன செய்வது?

தென்றல்:
நான் இப்போது வாடகைக்குத்தான் இருக்கிறேன் அண்ணை. அந்தப் பயம் எனக்கும் தெரியும். ஊர்க்குருவி, ஒஷாவாவில்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் செப்டெம்பருக்கு முதல் அங்கேயே வாடகைக்கு மாறிவிடுங்கள். முதலீட்டுக்கு வாங்கிய தனி ஆளின் கொண்டோவை (அடுக்குமாடி வீட்டை) விட்டுவிட்டு, வாடகைக்கென்றே கட்டி ஒரே நிறுவனம் நடத்துகிற கட்டடமாகப் பாருங்கள். அங்கே நீங்கள் இருக்கிற வீட்டை மட்டும் தனியாக விற்று உங்களை எழுப்புகிற பிரச்சினை குறைவு. மகள் ஒரே பள்ளிக்கூடத்தில் தொடரலாம், வீடு பிறகு அதே பக்கத்தில் வரும்.

வல்லைவெளி:
அது நல்ல யோசனை.

ஊர்க்குருவி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மனைவியும் நானும் மேசையில் இருந்து எழுதிப் பார்த்தோம். மாதம் ஆயிரம் சேர்த்தால் 2027 டிசம்பரில் 65,000 வரும். 10 வீதம் 56,000 போக 9,000 மிஞ்சும். நில மாற்ற வரி 7,675இல் முதல் வீட்டுக்காரருக்கு 4,000 கழியும் என்பதால் 3,675தான். வழக்கறிஞருக்கும் மற்றதுக்கும் மிச்சம் போதும். அந்த டவுன்ஹவுஸை விடுகிறோம் என்று ஏஜென்டுக்குச் சொல்லிவிட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

மச்சானிடம் காசு வேண்டாம் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. அவர் ஏற்கெனவே தன் கணக்கிலிருந்து ஒதுக்கி வைத்துவிட்டார், தங்கைக்குச் செய்கிறேன் என்ற சந்தோஷத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்க் கதைக்கப் போகிறேன்.

வல்லைவெளி:
நேரில் போவதுதான் சரி தம்பி. மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கோ. அவ சொன்னால் அவர் குறை நினைக்கமாட்டார்.