தனியுரிமையை மதிக்கிற மொபைல் சர்வீஸ் எது? தினசரி யூஸுக்கு வேணும்

ஃப்ரெண்ட்ஸ், நம்ம டேட்டாவை விளம்பரக்காரங்களுக்கு விக்காத மொபைல் சர்வீஸ் ஒண்ணு தேடுறேன். எந்த சிம் போட்டாலும் டவரை வச்சு கம்பெனிக்கு நாம இருக்கிற இடம் தெரியத்தான் செய்யும், சாதா கால், எஸ்எம்எஸ்ல எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் (பேசுறவங்களைத் தவிர வேற யாரும் கேக்கவோ படிக்கவோ முடியாத பாதுகாப்பு) கிடையாது, அதனால வீட்டுல பேசுறதெல்லாம் சிக்னல் ஆப்புக்கு மாத்தியாச்சு. ஆனா பேங்க் ஓடிபி வரணுமே, இன்டர்நெட் நம்பர் (சிம் இல்லாம ஆப் வழியா கிடைக்கிற நம்பர்) குடுத்தா நிறைய பேங்க் ஏத்துக்கிறதே இல்ல. சிம்மை மாத்தினாலும் போனோட ஐஎம்இஐ (போனோட அடையாள எண்) மாறாது, அப்போ டேட்டாவுக்கு ஒரு இ-சிம் (போனுக்குள்ளயே இருக்கிற டிஜிட்டல் சிம்), ஓடிபிக்கு ஒரு சிம்னு பிரிச்சா நெஜமாவே பிரயோஜனம் இருக்கா? சிம் ஸ்வாப் மோசடி (நம்ம நம்பரை வேற ஒருத்தர் தன் சிம்முக்கு மாத்திக்கிறது) நடக்காம நம்பரை லாக் பண்ற வசதி கண்டிப்பா வேணும், அம்மா நம்பரையும் இதுக்கே மாத்தப் போறேன், அதான் இவ்ளோ யோசிக்கிறேன். யூஸ் பண்றவங்க கவரேஜ், கஸ்டமர் கேர் எப்படின்னு சொல்லுங்க ப்ளீஸ்.