வீட்டில் நான் ரொட்டி: கல்லைக் கவிழ்த்தால் விழுகிறது, ஆறினால் விறைக்கிறது. எங்கே தப்பு?

கோட்டையூரான்:

வணக்கம். தந்தூர் அடுப்பு இல்லாமல், கேஸ் அடுப்பில் இரும்புத் தோசைக்கல் வைத்து நான் ரொட்டி போட்டுப் பார்க்கிறேன். மூன்று தடவை போட்டாயிற்று, மூன்று தடவையும் அதே கோளாறுகள்.

அளவு இது: மைதா 500 கிராம், முதல் நாள் உறை ஊற்றிய புளித்த தயிர் 150 கிராம், தண்ணீர் 120 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 தேக்கரண்டி, சோடா உப்பு அரைத் தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, சீனி 1 தேக்கரண்டி. பிசைந்து மூடி, மதியம் 1 மணியிலிருந்து 4 மணி வரை அடுப்படியிலேயே வைக்கிறேன். பிறகு மைதா தூவித் தேய்த்து, ஒரு பக்கம் தண்ணீர் தடவி, எண்ணெய் துடைத்த கல்லில் போட்டு, கொப்புளம் வந்ததும் கல்லைத் தீயின்மேல் கவிழ்க்கிறேன்.

கவிழ்த்த உடனே நான் பர்னர்மேல் விழுந்துவிடுகிறது. தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டும் பத்து நிமிடத்தில் அட்டை மாதிரி ஆகிவிடுகின்றன. போதாததற்கு ஒரு புளிச்ச வாடை வேறு. தேய்க்கும்போது மாவு ரப்பர் போலச் சுருங்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிலிருந்து திருத்த ஆரம்பிப்பது?

பள்ளத்தூர் ஆச்சி:

தம்பி, முதலில் அந்தத் தோசைக்கல்லை விட்டுவிடுங்கள். தோசைக்குப் பழகிய கல்லின் மேல் எண்ணெய் ஏறி ஏறிப் படிந்த ஒரு வழவழப்பு இருக்கும். தோசை ஒட்டாமல் எழும்பி வருவதே அதனால்தான். நானுக்கு வேண்டியது நேர் எதிரானது. ஈரம் பட்ட மாவு சூட்டில் பசையாகிக் கல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வழவழப்பான கல்லில், அதன்மேல் எண்ணெயும் துடைத்துப் போட்டால் எப்படிப் பிடிக்கும்? இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தண்ணீரும் வெறும் சூடும் பட்டுப்பட்டு அந்தப் படிவு எரிந்துபோகும். நாலு நாள் நான் போட்டால் ஐந்தாம் நாள் தோசை ஒட்டிக்கொண்டு கிழியும். நானுக்கென்று கைப்பிடி வைத்த, தட்டையான இரும்புக் கல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் தூக்கித் திருப்புகிற எடையாக இருக்கட்டும். நான்ஸ்டிக் கல்லைக் கவிழ்க்கவே கூடாது. வெறும் கல்லாக 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும்.

புதுக் கல்லில் கடையில் தடவிய எண்ணெய் இருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, காயவைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

விழுவதற்கு அடுத்த காரணம், தூவுகிற மைதா. அடிப்பக்கம் வெள்ளையாக மாவு அப்பியிருந்தால் தண்ணீர் அந்தத் தூளைத்தான் நனைக்கும், நானை நனைக்காது. தூள் கல்லோடு ஒட்டிக்கொள்ளும், நான் கழன்றுவிடும். பலகையில் ஒரு சிட்டிகை மட்டும் தூவி, தேய்த்து முடித்ததும் இரண்டு உள்ளங்கைக்கும் மாற்றி மாற்றித் தட்டி மாவை உதிர்த்துவிடுங்கள். எண்ணெய் தொட்டுத் தேய்ப்பதும் உதவாது, எண்ணெய்மேல் தண்ணீர் நிற்காமல் முத்து முத்தாக உருண்டு போய்விடும். தண்ணீரைத் தெளிக்காமல் ஓரம்வரை முழுக்கத் தடவ வேண்டும், தொட்டால் பிசுபிசுக்கிற அளவுக்கு. கருஞ்சீரகம், பூண்டு, மல்லித்தழை எல்லாம் மறுபக்கம்தான். போட்டதும் ஈர விரலால் ஓரத்தைச் சுற்றி அழுத்திவிடுங்கள், நடுவில் அழுத்த வேண்டாம். ஓரம் தூக்கினால் அந்த வழியாக ஆவி புகுந்து முழு நானையும் கிளப்பிவிடும்.

கல் காய்ந்த பதத்துக்கு ஒரு துளி தண்ணீர் போதும். 'சொய்ங்' என்று இரண்டு நொடியில் வற்றினால் சரி. கொதித்துக்கொண்டே கிடந்தால் சூடு பற்றாது. குண்டுமணி போல் உருண்டு ஓடினால் அதிகம். அந்தச் சூட்டில் தடவிய தண்ணீர் பசையாகும் முன்பே ஆவியாகி, அடி கருகிவிடும். தீயைக் குறைத்து ஒரு நிமிடம் பொறுத்துப் போடுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

ஆச்சி கல்லைப் பார்த்துவிட்டார்கள், நான் மாவைப் பார்க்கிறேன். உங்கள் அளவில் ஈரம் மிகக் குறைவு. 150 கிராம் தயிரில் 130 மில்லி அளவுக்குத் தண்ணீர் இருக்கும். அதோடு 120 சேர்த்தால் 250. அதாவது 500 கிராம் மாவுக்குச் சரிபாதி. சப்பாத்தி மாவுக்கே அதைவிட அதிகமாகத் தண்ணீர் விடுகிறோம். நானுக்கு 100 கிராம் மைதாவுக்கு 62 முதல் 66 மில்லி ஈரம் தேவை. தந்தூருக்குள் 400 டிகிரிக்கு மேல் சூடு இருப்பதால் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்து, உள் ஈரம் உள்ளேயே நிற்கிறது. வீட்டுக் கல்லில் வேக இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், அவ்வளவு நேரமும் ஈரம் போய்க்கொண்டே இருக்கும். வறண்ட மாவில் தொடங்கினால் கடைசியில் கையில் வருவது அட்டைதான்.

ஆறு நானுக்கு இப்படி எடுத்துப் பாருங்கள். மைதா 300 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 75 கிராம், தண்ணீர் 130 மில்லி, எண்ணெய் அல்லது உருக்கிய நெய் 1 மேசைக்கரண்டி, சீனி 2 தேக்கரண்டி, உப்பு தலைதட்டி 1 தேக்கரண்டி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் முக்கால் தேக்கரண்டி. சோடா உப்பு வேண்டாம். ஈஸ்ட் இருக்கும்போது அதற்கு வேலை இல்லை, அளவு சற்றுக் கூடினாலும் சோப்பு ருசி வரும். மைதா பாக்கெட்டில் 100 கிராமுக்குப் புரதம் 10, 11 கிராம் என்று போட்டிருந்தால் நல்லது. 9க்குக் கீழே என்றால் தண்ணீரில் 10 மில்லி குறைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் கலந்து, பிசையாமல் 15 நிமிடம் மூடி வையுங்கள். மாவு தண்ணீரைக் குடித்து, பாதி வேலையை அதுவே முடித்துவிடும். பிறகு 8 நிமிடம் பிசைந்தால் போதும். முதல் மூன்று நிமிடம் கையெல்லாம் ஒட்டும். எல்லோரும் தவறுவது அந்த இடத்தில்தான்: பொறுமை இல்லாமல் ஒரு கைப்பிடி மைதாவை அள்ளிப் போடுவார்கள். போடாதீர்கள், கையை ஈரமாக்கிக்கொண்டு தொடருங்கள். கடைசியில் விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்க வேண்டும்.

சுருங்குவதற்கு மருந்து ஓய்வுதான். உருண்டை பிடித்த கையோடு தேய்க்கக் கூடாது. தலா 90 கிராம் உருண்டையாக்கி, ஈரத்துணி மூடி 15 நிமிடம் விடுங்கள். துணி இல்லாமல் மின்விசிறிக் காற்றில் வைத்தால் மேலே தோல் கட்டி, தேய்க்கும்போது வெடிக்கும். அப்புறமும் இழுத்தால் அந்த உருண்டையை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ஐந்து நிமிடத்தில் அது வழிக்கு வந்துவிடும். கனம் 4 மில்லிமீட்டர் இருக்கட்டும். மெலிதாகத் தேய்த்தால் உப்பாது, விறைக்கும்.

கோட்டையூரான்:

நன்றி ஆச்சி, நன்றி அண்ணே. புளிச்ச வாடைக்குத் தயிர் மட்டும்தான் காரணமா? மூன்று மணி நேரம் வைத்தால்தான் நன்றாகப் பொங்கும் என்று படித்தேனே?

கானாடுகாத்தான் அடுப்படி:

அந்த மூன்று மணி நேரம் குளிரூருக்குச் சொன்னது. நம் பக்கம் சித்திரை, வைகாசியில் அடுப்படிக்குள் 35, 36 டிகிரி சாதாரணம். அந்தச் சூட்டில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் மாவு இரட்டிப்பாகிவிடும். அதைத் தாண்டினால் சீனி தீர்ந்து, புளிப்பும் சாராய வாடையும் ஏறும். மாவின் இழையும் தளர்ந்து, தூக்கினால் பிய்ந்துகொண்டு வரும். நீங்கள் புளித்த தயிரும் சேர்த்திருக்கிறீர்கள், வாடை வராமல் எப்படி இருக்கும்?

கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். விரலில் மைதா தொட்டு மாவில் ஓர் அங்குலம் குத்துங்கள். பள்ளம் உடனே மேலே வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. மெதுவாகப் பாதி எழும்பி நின்றால் அதுதான் பதம். குத்திய பள்ளம் அப்படியே நின்று சுற்றிலும் அமுங்கினால் பதம் தப்பிவிட்டது. தப்பிய மாவில் சோடாவைக் கொட்டிச் சரிக்கட்ட வேண்டாம். அதே எடைக்கு ஈஸ்ட் இல்லாமல் புது மாவு பிசைந்து, இரண்டையும் சேர்த்து அரை மணி வைத்தால் மீட்டுவிடலாம்.

ஈஸ்ட்டுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும் என்பதும் இங்கே அப்படியே பொருந்தாது. கோடையில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே போதுமான சூட்டோடு வரும். மண்பானைத் தண்ணீரில் பிசைவதுதான் நல்லது, மாவு நிதானமாகப் பொங்கி ருசியும் கூடும். இன்னும் நிதானம் வேண்டுமென்றால் ஈஸ்ட்டைக் கால் தேக்கரண்டியாகக் குறைத்து, பிசைந்து அரை மணி வெளியே வைத்துவிட்டு, ஃப்ரிஜ்ஜில் 12 மணி நேரம் வையுங்கள். தேய்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு எடுத்தால் போதும். என்னைக் கேட்டால் இந்த முறைக்குத்தான் முதலிடம்.

பிரித்த ஈஸ்ட் பாக்கெட்டை அலமாரியில் வைக்காதீர்கள், இந்த வெயிலில் சீக்கிரமே வலு இழந்துவிடும். இறுக்கமாக மூடும் டப்பாவில் போட்டு ஃப்ரீஸரில் வையுங்கள். சந்தேகமாக இருந்தால் அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது சீனியும் ஒரு தேக்கரண்டி ஈஸ்ட்டும் போட்டுப் பாருங்கள். 10 நிமிடத்தில் நுரை கட்டாவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

புதுவயல்:

இடையில் ஒரு கேள்வி. ஓடிஜி என்கிற மின்சார அவனில், ரொட்டி சுட அடியில் வைக்கும் கல் பலகைக்குப் பதிலாக, வீட்டில் மிச்சமிருக்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லை வைத்து நான் சுடலாமா?

தேவகோட்டை ரஸ்தா:

கூடவே கூடாது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல. சிமெண்ட்டும் மணலும் நிறப்பொடியும் சேர்த்துக் கண்ணாடிமேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. 250 டிகிரியில் வெடிக்கும், நிறப்பொடியும் சாப்பாட்டில் படக் கூடாது. இரும்புக் கல்லையே அவனின் மேல்தட்டில் குப்புற வைத்து, அதிகபட்சச் சூட்டில் 30 நிமிடம் காயவிட்டு, நானை அதன்மேல் போடுங்கள். 4 நிமிடத்துக்குள் வெந்துவிடும். அவனில் போடும்போது அடியில் தண்ணீர் தடவ வேண்டாம், மேலே மட்டும் லேசாகத் தடவுங்கள்.

கோட்டையூரான்:

புதுக் கல்லில், 300 கிராம் அளவில் செய்தாயிற்று. ஒன்றுகூட விழவில்லை! வாடையும் இல்லை, பிய்த்தால் மெத்தென்று வருகிறது. ஒரே குறை: அடி கருகத் தொடங்கும்போதும் மேல்பக்கம் வெள்ளையாகவே இருக்கிறது.

பள்ளத்தூர் ஆச்சி:

கவிழ்க்கத் தாமதிக்கிறீர்கள், தம்பி. போட்ட 30 நொடியில் கொப்புளம் கிளம்பும். அடி சிவக்கட்டும் என்று காத்திருக்காமல் உடனே கவிழ்த்து, தீயை முழுதாக வைத்து, இரண்டு அங்குல உயரத்தில் கல்லை வட்டமாக ஆட்டிக்கொண்டே இருங்கள். தந்தூரில் சுவர் அடியையும் கனல் மேல்பக்கத்தையும் ஒரே நேரத்தில் வேகவைக்கும். நம் அடுப்பில் அது ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிறது, அதனால் முதல் பாதியைச் சுருக்கமாக முடிக்க வேண்டும். 40 முதல் 60 நொடியில் புள்ளி புள்ளியாகச் சிவந்துவிடும். பிறகு கல்லை நிமிர்த்தி வைத்தால் அடி தானாகவே விட்டுக்கொடுக்கும். விடாவிட்டால் பத்து நொடி பொறுத்துத் தோசைத் திருப்பியால் ஓரத்திலிருந்து தள்ளுங்கள். அடுத்த நானுக்கு முன் கல்லில் ஒட்டிய மாவைச் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பர்னர் ஓட்டைகளில் உதிர்ந்த மாவு அடைத்தால் தீ மஞ்சளாக எரியும், ஆறியபின் குண்டூசியால் குத்திவிடுங்கள். கவிழ்க்கும்போது முந்தானை, துண்டு எதுவும் தொங்கக் கூடாது.

கல் கனமாக இருந்து தூக்க முடியாதவர்கள் தண்ணீர் தடவாமல் போட்டு, கொப்புளம் வந்ததும் இடுக்கியால் எடுத்துக் கம்பி வலையில் வைத்து நேர்த்தீயில் வாட்டலாம். உப்பும், ஆனால் அடியில் அந்த மொறுமொறுப்பு வராது.

கோட்டையூரான்:

புரிந்தது ஆச்சி. கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேருக்குப் போட வேண்டும். முன்கூட்டிச் செய்து வைக்க வழி உண்டா?

கானாடுகாத்தான் அடுப்படி:

உண்டு. தண்ணீர் தடவாமல் கல்லில் இரண்டு பக்கமும் 30 நொடி மட்டும், நிறம் வராமல் வாட்டி, துணிமேல் பரப்பி ஆறவிட்டு அடுக்கி மூடுங்கள். ஐந்தாறு மணி நேரம் தாங்கும். பரிமாறும்போது இரண்டு பக்கமும் லேசாகத் தண்ணீர் தடவி, கம்பி வலையில் பெரிய தீயில் பக்கத்துக்கு அரை நிமிடம் காட்டி, சூட்டோடு வெண்ணெய் தடவிவிடலாம். ஹாட் பாக்ஸில் அடியிலும் மேலேயும் பருத்தித் துணி வையுங்கள், இல்லாவிட்டால் ஆவி வியர்த்து நான் சொதசொதத்துப்போகும். மைக்ரோவேவ் வேண்டாம், ஆறியதும் தோலாகிவிடும்.

பன்னிரண்டு பேருக்குத் தலா இரண்டு என்றால் மைதா 1 கிலோ 200 கிராம். ஒரே மாவாகப் பிசையாமல் இரண்டு பங்காக, 40 நிமிட இடைவெளியில் பிசையுங்கள். இல்லாவிட்டால் முதல் பன்னிரண்டு நான் போட்டு முடிப்பதற்குள் மீதி மாவு பதம் தாண்டிவிடும். தொட்டுக்கொள்ள நீர்க்கக் கோழிக் குழம்பு வைத்தால் நான் ஊறிக் கரைந்துவிடும். உப்புக்கறியைச் சுருள வதக்கி வைத்துவிடுங்கள்.

கோட்டையூரான்:

உப்புக்கறிதான் போடப் போகிறோம். மாவை சனி இரவே இரண்டு பங்காக ஃப்ரிஜ்ஜில் வைத்துவிடுகிறேன்.

கானாடுகாத்தான் அடுப்படி:

சரி. இரண்டாம் பங்கை 40 நிமிடம் கழித்து வெளியே எடுங்கள், சேர்த்து எடுத்துவிடாதீர்கள்.