74 நாள் தாமதம்: காமாலை என்று எழுதச் சொல்கிறார்கள்

வண்டிப்பாதை:
எல்லோருக்கும் வணக்கம். பாதைத் தகராறு ஒன்றில் முன்சீப் கோர்ட்டில் மார்ச் 12 அன்று எங்கள் அப்பாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. 20-ஆம் தேதி நகல் மனுப் போட்டோம். ஏப்ரல் 9-ல் நகல் கிடைத்தது. ஏப்ரல் 25-ல் அப்பா மாட்டுத் தொழுவத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன், 16 நாள் ஆஸ்பத்திரி. திருப்பூரில் வேலையை விட்டுவிட்டு வந்து நான்தான் கூட இருந்தேன். மே மாதம் கோர்ட் லீவுதானே என்றும் இருந்துவிட்டோம். ஜூன் 10-ல் காகிதங்களை வக்கீலிடம் கொடுத்தேன். ஜூலை 15-ல்தான் அப்பீல் தயாரானது. கேட்டால், எங்கள் கட்டு வேறு கட்டுகளுக்கு அடியில் போய்விட்டதாம்.

அப்பீல் கெடு தாண்டி 74 நாள் ஆகிவிட்டது. இப்போது அவருடைய ஜூனியர், தாமதத்துக்குக் காரணமாக "அப்பாவுக்கு மஞ்சள் காமாலை, நாட்டு வைத்தியம் பார்த்தார் என்று போட்டுவிடலாம், எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள்" என்கிறார். சப் கோர்ட் ஏற்குமா?

செங்கோட்டை:
74 நாள்தானே, தள்ள மாட்டார்கள். காஸ்ட் (எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகை) போட்டு விட்டுவிடுவார்கள்.

பழைய குமாஸ்தா:
தம்பி, முதலில் அந்தக் காமாலையைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். 31 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன். எங்கள் ஆபீசில் செக்‌ஷன் 5 மனுவுக்கு (தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனு) ஒரு மாதிரியே வைத்திருந்தோம். பெயருக்கும் நாளுக்கும் இடம் விட்டிருக்கும், காமாலை மட்டும் முன்னாடியே டைப் ஆகியிருக்கும். நாட்டு வைத்தியம் எதற்கு? டாக்டர் சீட்டு கேட்க முடியாதே, அதற்குத்தான். ஒரு சப் ஜட்ஜ் கட்டைப் புரட்டிவிட்டு, "இந்த வாரத்தில் இது நாலாவது காமாலை, உங்கள் ஊர்த் தண்ணீரில் ஏதாவது கோளாறா?" என்று கேட்டார். எங்கள் வக்கீல் தலையை நிமிர்த்தவே இல்லை.

உங்களிடம் நிஜமாகவே முறிந்த எலும்பு இருக்கிறது, டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கிறது. அப்புறம் எதற்குப் பொய்? குறுக்கு விசாரணையில் ஒரு தேதி இடித்தாலும் எல்லாம் போச்சு.

கணக்குக்கு வருவோம். அப்பீலுக்குக் கெடு 30 நாள். நகலுக்கு ஆன 21 நாளைக் கழித்தால் கடைசி நாள் மே 2. அன்று லீவு, ஆனால் கோர்ட் திறந்த அன்றே தாக்கல் செய்திருந்தால்தான் அந்தச் சலுகை. விட்டுவிட்டீர்கள், அதனால் மே மாதமும் உங்கள் தலையில்தான். 74 சரி.

ஜட்ஜ் எத்தனை நாள் என்று பார்ப்பதைவிட, எந்த நாளுக்குக் காரணம் இல்லை என்றுதான் பார்ப்பார். ஒவ்வொரு நாளுக்கும் மணிக்கணக்கில் விளக்கம் கேட்டு வதைக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றமே 1987-ல் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் தொடர்ச்சி வேண்டும். மே 11 வரை ஆஸ்பத்திரி, ஜூன் 10 வரை அப்பா படுக்கை, கூட நீங்கள் ஒருவர்தான். லீவைத் தப்பாகப் புரிந்துகொண்டதையும் மறைக்காமல் எழுதுங்கள். இடிக்கப் போவது அதற்கப்புறம் வரும் 35 நாள். அதற்கு வக்கீலே ஒரு அபிடவிட் (சத்தியப் பிரமாண வாக்குமூலம்) தரவேண்டும். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், கேளுங்கள்.

நம்மூர் வழக்கு ஒன்று, பாலகிருஷ்ணன் வழக்கு என்பார்கள். 883 நாள் தாமதம், காரணம் வக்கீல். கீழ்க்கோர்ட் மன்னித்தது, சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 1998-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி மன்னித்தது. நாட்கள் எத்தனை என்பது முக்கியமில்லை, சொல்லும் காரணம் ஏற்கத்தக்கதா என்பதுதான் முக்கியம் என்றது. எதிர்த்தரப்புக்கு 10,000 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பே அந்த மனிதர் நுகர்வோர் மன்றத்தில் தன் வக்கீல் மீதே 50,000 ரூபாய் இழப்பீட்டு உத்தரவு வாங்கியிருந்தார்! கேஸை இவர் தூங்கவிடவில்லை என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

இன்னொன்று, இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். தாமத மனு முடிந்து அப்பீல் கோப்புக்கு வரும்வரை டிகிரிக்கு, அதாவது கீழ்க்கோர்ட் தீர்ப்பாணைக்கு, ஸ்டே கிடைக்காது. எதிராளி அதற்குள் நிறைவேற்று மனுப் போட்டுப் பாதையில் கை வைக்கலாம். இந்த வாரமே தாக்கல் செய்யுங்கள்.

பிரிவு ஐந்து:
ஐயா சொல்வது சரி. ஆனால் 1998-ஐ மட்டும் நம்பி இருக்க வேண்டாம். 2024-ல் சுப்பா ரெட்டி வழக்கில் 5,659 நாள் தாமதத்தை உச்ச நீதிமன்றம் மன்னிக்க மறுத்துவிட்டது. வழக்கில் நியாயம் இருக்கிறது என்பதற்காகத் தாமதத்தை விட்டுவிட முடியாது என்றும் சொன்னது.

பழைய குமாஸ்தா:
பதினைந்து வருஷம் எங்கே, இரண்டரை மாதம் எங்கே! ஆனாலும் நல்ல எச்சரிக்கை. தம்பி, பாதை யார் தாத்தா வெட்டியது என்ற கதையை இந்த அபிடவிட்டில் நாலு பக்கம் எழுதாதீர்கள். அது அப்பீலுக்கு.

வண்டிப்பாதை:
நன்றி ஐயா. வக்கீல் முகத்தைச் சுளித்தார், அப்புறம் தானும் ஒரு அபிடவிட் தருவதாகச் சொன்னார். அப்பா கட்டிலில் இருந்தபடியே கையெழுத்துப் போட்டுவிட்டார். எக்ஸ்ரே பிலிமையும் டிஸ்சார்ஜ் சீட்டு ஒரிஜினலையும் சேர்த்துக் கொடுத்துவிடலாமா?

பழைய குமாஸ்தா:
இப்போதைக்கு டிஸ்சார்ஜ் சீட்டு ஜெராக்ஸ் போதும். விசாரணையில் கேட்டால் ஒரிஜினலை அன்று கொண்டுபோங்கள். வக்கீல் ஆபீசில் மட்டும் விட்டுவிடாதீர்கள், கட்டு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.