விசில் ஊதாமலே ஃப்ரீ கிக் அடிச்சா கோல் செல்லுமா?

லெஃப்ட்பேக்:
அண்ணன்மாரே ஒரு டவுட்டு. ஞாயித்துக்கிழமை எங்க ஊர் டோர்னமென்ட் செமி, எங்க பாக்ஸுக்கு ரெண்டடி வெளிய ஃபவுல், நாங்க நாலு பேர் பந்தை மறிக்க வரிசையா நின்னு வால் (சுவர்) கட்டிட்டு இருக்கோம், கீப்பர் போஸ்ட்டைப் பிடிச்சுக்கிட்டு "லெஃப்ட்டு, இன்னும் லெஃப்ட்டு"ன்னு கத்திட்டு இருக்கான், அதுக்குள்ள அவனுங்க டொக்குன்னு தூக்கி உள்ள போட்டுட்டானுங்க. விசிலே இல்ல. ரெஃப்ரி கோல்னு சென்டரைக் காட்டிட்டார். 1-0ல அவுட்டு. இது செல்லுமா?

பழையவிசில்:
செல்லும் தம்பி. நானும் லோக்கல் மேட்ச் ஊதுனவன்தான், வாராவாரம் இந்தச் சண்டை வரும். வால் கட்ட டைம் குடுக்கணும்னு ரூல்ல எங்கயும் இல்ல. 9.15 மீட்டர் தள்ளி நிக்க வேண்டியதுதான் உங்க வேலை. ஃபவுல் நடந்த எடத்துல பந்து ஆடாம நின்னா அவன் உடனே அடிக்கலாம். அவங்களே "தள்ளி நிக்கச் சொல்லுங்க சார்"னு கேட்டு, ரெஃப்ரி விசிலைத் தொட்டுக் காட்டிட்டார்னா மட்டும் ஊதுறவரைக்கும் நிக்கணும்.

மிட்ஃபீல்டு:
பெங்களூரு எஃப்சி ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரி அடிச்சதை மறந்துட்டீங்களா எல்லாரும்? 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம், ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) நாக்அவுட், 90 நிமிஷம் 0-0, எக்ஸ்ட்ரா டைம்ல 96வது நிமிஷம் கேரளா பிளாஸ்டர்ஸ் கீப்பர் வால் செட் பண்ணிட்டு இருக்கும்போதே சிப் பண்ணி கோல் போட்டுட்டாரு. பிளாஸ்டர்ஸ் கோச் டீமையே வெளிய கூட்டிட்டுப் போயிட்டாரு, மேட்ச் பெங்களூருக்கு, கேரளாவுக்கு 4 கோடி ஃபைன், கோச்சுக்கு 10 மேட்ச் தடை.

மஞ்சப்படை:
காலைலயே ஏன் ப்ரோ எங்க பிளாஸ்டர்ஸ் கதையைக் கிளறுறீங்க 😭

பழையவிசில்:
தம்பி, ரெஃப்ரி கையை மேல தூக்கி வச்சிருந்தாரா? அப்டின்னா இன்டைரக்ட், யாரு மேலயும் படாம நேரா உள்ள போனா கோல் கெடையாது, உங்களுக்கு கோல் கிக்.

லெஃப்ட்பேக்:
இல்லண்ணே, கால்ல தட்டி விட்டதுதான், டைரக்ட். கைய தூக்கல. ஃபவுல் பண்ணுன எங்க ஸ்டாப்பரை (நடு டிஃபெண்டர்) கூப்பிட்டு மஞ்சக் கார்டை எடுத்து நம்பர் எழுதிட்டு இருந்தாரு, அப்பத்தான் அடிச்சானுங்க.

பழையவிசில்:
அடப்பாவி, இதையில்ல மொதல்ல சொல்லணும்! கார்டு குடுக்க ஆரம்பிச்சிட்டா விசில் ஊதாம ஆட்டம் தொடங்கவே கூடாது. 2019ல ஒரு விலக்கு குடுத்தாங்க, குவிக்கா அடிச்சா நல்ல கோல் சான்ஸ் இருக்குன்னா விட்டுட்டு கார்டை பந்து நின்னப்புறம் காட்டலாம்னு, ஆனா அதுவும் ரெஃப்ரி அந்த வேலையை ஆரம்பிக்காம இருந்தாத்தான். இங்க கார்டு கையில, பேனா பேப்பர்ல. கோல் தப்பு, திரும்ப அடிக்க விட்டிருக்கணும்.

மிட்ஃபீல்டு:
அப்ப ப்ரொட்டஸ்ட் குடுக்கலாமா?

பழையவிசில்:
கோலுக்கப்புறம் சென்டர்ல வச்சுத் தட்டி ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கியாச்சுன்னா அந்த முடிவை ரெஃப்ரியே மாத்த முடியாது. நீங்க தட்டுனீங்களா?

லெஃப்ட்பேக்:
நான்தாண்ணே தட்டுனேன்.